எலெக்ட்ரிக் கிட்டாருக்கு டிஜிட்டல் டிலே பெடல் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

டிலே பெடல், அதாவது வாசித்த ஒலியைச் சற்றுத் தாமதித்து எதிரொலியாகத் திருப்பும் பெடல், வாங்க நினைப்பவர்களில் பெரும்பாலோர் பெடலிலிருந்தே தொடங்குகிறார்கள். எத்தனை மோடு (எதிரொலி வகை), எத்தனை நொடி, லூப்பர் (வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கும் வசதி) உண்டா என்று பார்த்து வாங்கிவிட்டு, பெட்டி வீட்டுக்கு வந்த பிறகுதான் அதை எங்கே செருகுவது, இருக்கிற அடாப்டர் போதுமா, மேடையில் வேகத்தை எப்படி மாற்றுவது என்று யோசிக்கிறார்கள். சில வாரங்களிலேயே விற்பனைக்கு வந்துவிடும் டிலே பெடல்களில் பல நல்ல பெடல்களே. வாங்கியவரின் தேவைக்குப் பொருந்தாதவை, அவ்வளவுதான்.

ஆகவே இங்கே வரிசை தலைகீழாக இருக்கிறது. பாட்டின் வேகம் முதலில், அந்த வேகத்தைக் காலால் மாற்றும் விதம் அடுத்து, பெடல் அமரும் இடம், எதிரொலியின் குரல், மின்சாரம் ஆகியவை அதன் பின், மாடலின் பெயர் கடைசியில். ஒவ்வொரு படியும் அடுத்த படியில் பார்க்க வேண்டிய பெடல்களின் எண்ணிக்கையைக் குறைத்துவிடும் என்பதால், படிகளைத் தாண்டிச் செல்லாமல் இருப்பது நல்லது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நீங்கள் இப்போது உண்மையாகவே வாசிக்கும் பாட்டுகளில் ஐந்தாறைத் தேர்ந்து, ஒவ்வொன்றின் வேகத்தையும் பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை பீட்) கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். கைப்பேசி மெட்ரோனோம் செயலிகள் பலவற்றில் பாட்டைக் கேட்டபடி விரலால் தட்டினாலே எண் தெரிந்துவிடும். என்றாவது வாசிக்க ஆசைப்படும் பாட்டுகளை இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். அவைதான் தேவையற்ற வசதிகளுக்குப் பணம் கொடுக்க வைக்கின்றன.

ஆம்பின் பின்புறத்தைப் பாருங்கள். செண்ட், ரிட்டர்ன் என்று இரண்டு வாய்கள் இருந்தால் எஃபெக்ட்ஸ் லூப், அதாவது ஆம்பின் கெயின் பகுதிக்குப் பின்னால் பெடலைச் செருகும் பாதை, இருக்கிறது என்று பொருள். உங்கள் டிஸ்டார்ஷன் (கரகரப்பான கடின ஒலி) தனிப் பெடலிலிருந்து வருகிறதா, ஆம்பின் கெயின் சேனலிலிருந்து வருகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நான்காம் படி முழுவதும் இந்த ஒரு விடையைச் சார்ந்தது.

பவர் சப்ளையில் அச்சிட்டிருக்கும் வோல்ட் எண்ணையும் மில்லி ஆம்பியர் எண்ணையும் படம் எடுத்து வையுங்கள். பெடல்போர்டில் மிச்சமிருக்கும் இடத்தை அளக்கும்போது பெடலின் அகலத்தை மட்டும் அளக்காதீர்கள். பக்கவாட்டில் வாய்கள் உள்ள பெடலுக்கு இரு புறமும் பிளக்கின் நீளமும் சேரும்.

கடைசியாக ஒன்று. உங்களிடம் ஏற்கெனவே மல்டி எஃபெக்ட்ஸ் கருவி இருந்தால் அதில் பெரும்பாலும் டிலே இருக்கும். தனிப் பெடல் வாங்கும் முன் அந்த டிலேவை ஒரு வாரம் முழுக்கப் பயன்படுத்தி, அதில் எது போதவில்லை என்று எழுதிப் பாருங்கள். எழுத ஒன்றும் வரவில்லையென்றால் வாங்கத் தேவையில்லை. இதைக் கடைக்காரர் உங்களுக்குச் சொல்லமாட்டார்.

2. பாட்டின் வேகத்தை மில்லிநொடியாக மாற்றுதல்

டிலே பெடலின் முதன்மையான எண் அதன் நேரம். 60,000 ஐப் பிபிஎம் எண்ணால் வகுத்தால் ஒரு பீட்டின் நீளம் மில்லிநொடியில் கிடைக்கும். 120 பிபிஎம் பாட்டில் ஒரு பீட் 500 மில்லிநொடி. 100 இல் 600. 75 இல் 800. 60 இல் 1,000.

அடுத்து, எதிரொலி பீட்டின் எந்தப் பங்கில் விழ வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். முழு பீட், அரை பீட், முக்கால் பீட் ஆகிய மூன்றும்தான் பெரும்பாலான கிட்டார் வாசிப்புக்குப் போதும். 120 பிபிஎம் பாட்டில் இவை முறையே 500, 250, 375 மில்லிநொடி. ராகபில்லி பாணியில் ஒரே ஒரு முறை சுளீரென்று திரும்பும் எதிரொலிக்குத் தாளக் கணக்கு தேவையில்லை. 80 முதல் 150 மில்லிநொடிக்குள் காதுக்குப் பிடித்த இடத்தில் வைத்தால் போதும்.

முக்கால் பீட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் யூ2 குழுவின் எட்ஜ் வாசிப்பைக் கேட்டு டிலே வாங்க வருபவர்கள் தேடுவது இதைத்தான். ஒரு பீட்டை நான்கு கூறாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நீங்கள் அரை பீட்டுக்கு ஒன்றாகச் சீராக வாசிக்கும்போது உங்கள் சுரங்கள் 0, 2, 4, 6 ஆகிய கூறுகளில் விழுகின்றன. முக்கால் பீட் என்பது மூன்று கூறு என்பதால் அவற்றின் எதிரொலிகள் 3, 5, 7, 9 இல், அதாவது நீங்கள் வாசிக்காமல் விட்ட இடைவெளிகளில் விழுகின்றன. கை வாசிப்பது பாதி, கேட்பது முழுமை. இது நடக்க மூன்று நிபந்தனைகள் உண்டு: கை சீராக இருக்க வேண்டும், எதிரொலியின் அளவு மூல ஒலிக்கு ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும், ஃபீட்பேக் (எதிரொலி எத்தனை முறை திரும்பும் என்ற அமைப்பு) ஒன்றிரண்டு எதிரொலிகளைத் தாண்டக் கூடாது. எதிரொலியை மெல்லிய பின்னணியாக வைத்துவிட்டு அந்தப் பாணி வரவில்லையே என்று பெடலைக் குறைசொல்வது மிக வழக்கமான பிழை.

6/8 தாளத்துப் பாட்டுகளில் இந்தக் கணக்கு மாறும். அங்கே காலால் தட்டும் ஒவ்வொரு பெரிய அடிக்குள்ளும் மூன்று சிறிய அடிகள் இருக்கின்றன. பெரிய அடியைத் தட்டிவிட்டு முக்கால் அமைப்பைத் தேர்ந்தால் எதிரொலி இரண்டேகால் சிறிய அடியில் விழுந்து தாளத்தோடு மோதும். அங்கே மூன்றில் ஒரு பங்கோ மூன்றில் இரண்டு பங்கோ தேவை. உங்கள் பட்டியலில் இத்தகைய பாட்டுகள் அதிகமிருந்தால், பீட்டை மூன்றாகப் பிரிக்கும் வசதி பெடலில் இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள்.

இப்போது உங்கள் பட்டியலிலேயே மிக நீண்ட நேரம் எது என்று பாருங்கள். பாஸ் (Boss) நிறுவனத்தின் டிடி-3டி போன்ற எளிய பெடலின் உச்சம் 800 மில்லிநொடி. 75 பிபிஎம்முக்கு மேலான எந்தப் பாட்டிலும் முழு பீட் எதிரொலிக்கு அது போதும். 60 பிபிஎம்மில்கூட முக்கால் பீட் 750 தான். பத்து நொடி டிலே என்ற விளம்பர வரி பெரும்பாலான வாசிப்பில் எந்த வேலையும் செய்வதில்லை. 72 பிபிஎம்மில் முழு பீட் 833 மில்லிநொடி என்பதால், அவ்வளவு மெதுவான பாட்டுகள் உங்களிடம் பல இருந்தால் மட்டும் 800 இல் நிற்கும் பெடல்களை இங்கேயே விலக்கிவிடலாம்.

3. மேடையில் வேகத்தை மாற்றும் விதத்தை முடிவு செய்தல்

டிலே நேரம் 500 க்குப் பதிலாக 490 இல் இருந்தால் முதல் எதிரொலியில் யாருக்கும் தெரியாது. ஆனால் பிழை ஒவ்வொரு எதிரொலியிலும் கூடிக்கொண்டே போகும் என்பதால், நான்காவது எதிரொலி 40 மில்லிநொடி முந்திவிடும். அப்போது டிரம்ஸ் ஒரு பக்கமும் கிட்டார் ஒரு பக்கமும் இழுப்பது நன்றாகக் கேட்கும். 200 முதல் 800 வரையிலான வீச்சு ஒரே திருகில் அடங்கியிருந்தால், திருகு சுமார் 300 டிகிரி சுற்றுவதாகக் கொண்டால், ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 2 மில்லிநொடி மாறும். மங்கிய மேடை விளக்கில் குனிந்து இதைச் செய்ய இயலாது.

ஆகவே நேரத்தை அமைக்க நான்கு வழிகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். எல்லாப் பாட்டிலும் ஒரே குறுகிய எதிரொலி போதும் என்பவருக்குத் திருகே போதும். டிரம்ஸ் வாசிப்பவர் கிளிக் (காதில் ஓடும் மெட்ரோனோம் ஒலி) இல்லாமல் வாசிக்கும் குழுவில் இருப்பவருக்கு டாப் டெம்போ, அதாவது காலால் தட்டி வேகத்தைச் சொல்லும் வசதி தேவை. ஒரே நிகழ்ச்சியில் முற்றிலும் வேறுபட்ட மூன்று நான்கு ஒலிகள் வேண்டுமானால் ப்ரீசெட், அதாவது அமைப்புகளைச் சேமித்து வைத்து வேண்டும்போது அழைக்கும் வசதி, தேவை. கிளிக் டிராக் ஓடும் குழுவில், கணினி மிடி (இசைக்கருவிகளுக்குக் கட்டளை அனுப்பும் இணைப்பு) வழியே வேகத்தை அனுப்பும் என்றால், மிடி வாய் உள்ள பெடலைத் தவிர மற்றவற்றைப் பார்ப்பதில் பொருளில்லை.

டாப் டெம்போ இருக்கிறது என்று பெட்டியில் எழுதியிருந்தால் மட்டும் போதாது. எந்தக் காலால், எந்தப் பொத்தானில் என்று கேளுங்கள். ஒரே மிதிப்பொத்தான் உள்ள பெடல்களில் தட்டுவதும் அணைப்பதும் ஒரே இடத்தில் நடக்க வேண்டியிருக்கிறது. பழைய பெடல் சந்தையில் அதிகம் கிடைக்கும் பாஸ் டிடி-7 இல் பொத்தானை இரண்டு நொடி அழுத்திப் பிடித்தால் தட்டும் நிலைக்குப் போகும். திரும்பவும் அணைக்கும் நிலைக்கு வர அதேபோல் அழுத்த வேண்டும். பாட்டின் நடுவே இது தொல்லை. டிடி-3டி இல் தட்டுவதற்கென்று தனி வாய் உண்டு, ஆனால் அதில் செருகும் வெளிப்புற ஸ்விட்சைத் தனியாக வாங்க வேண்டும். அந்த ஸ்விட்சின் விலை, அதற்கான கேபிள், போர்டில் அது பிடிக்கும் இடம் ஆகிய மூன்றையும் சேர்த்தே பெடலின் விலையைக் கணக்கிடுங்கள். சேர்த்துப் பார்த்தால் சில நேரம் இரண்டு பொத்தான் உள்ள பெரிய பெடலே மலிவாகத் தெரியும்.

வெளிப்புற ஸ்விட்ச் வாங்கும்போது, அழுத்தியவுடன் திரும்பும் வகையா, அழுத்தினால் அப்படியே நிற்கும் வகையா என்று கையேட்டில் பார்த்து வாங்குங்கள். டாப் டெம்போவுக்கு வழக்கமாகத் தேவைப்படுவது முதல் வகை. பாஸ் எஃப்எஸ்-5யு அந்த வகை, எஃப்எஸ்-5எல் மற்ற வகை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால் தவறானதை வாங்கி வருபவர்கள் உண்டு.

4. பெடல் அமரும் இடம்

டிலேவின் இடம் டிஸ்டார்ஷனுக்குப் பின்னால். மாறி அமர்ந்தால், டிலே தரும் எதிரொலிகள் எல்லாம் மூல ஒலியோடு சேர்ந்து டிஸ்டார்ஷனுக்குள் போய் நசுங்கி, எது சுரம் எது எதிரொலி என்று பிரிக்க முடியாத இரைச்சலாக வெளிவரும். வேண்டுமென்றே இப்படி வைப்பவர்கள் உண்டு. முதல் டிலே வாங்குபவருக்கு அது வேண்டாம்.

டிஸ்டார்ஷன் பெடலிலிருந்து வந்து ஆம்ப் தெளிவான (கிளீன்) சேனலில் இருந்தால் சிக்கல் ஒன்றுமில்லை. டிஸ்டார்ஷனுக்கும் ஆம்புக்கும் இடையில் எந்த டிலேவும் வேலை செய்யும். ரிவெர்ப் (அறையின் முழக்கத்தைத் தரும் எஃபெக்ட்) இருந்தால் அது டிலேவுக்குப் பின்னால்.

டிஸ்டார்ஷன் ஆம்பிலிருந்து வந்தால் டிலே எஃபெக்ட்ஸ் லூப்பில் அமர வேண்டும். இங்கே இரண்டு சோதனைகள் தேவை. முதலாவது, லூப்பின் அளவு. சில ஆம்ப்களின் லூப் கிட்டார் பெடல்களுக்கு ஏற்ற அளவிலும், சில அதைவிட உரத்த லைன் அளவிலும் ஒலியை அனுப்புகின்றன. உரத்த ஒலி டிஜிட்டல் பெடலின் உள்வாயை நிரப்பி வழிந்தால் வரும் ஒலி ஓவர்டிரைவ் போல இனிமையாக இருக்காது. வெடித்துச் சிதறும் கரகரப்பாக இருக்கும். ஆம்பில் லூப் அளவைக் குறைக்கும் ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் லைன் அளவைத் தாங்கும் பெடலையே தேர்ந்தெடுங்கள்.

இரண்டாவது, அந்த லூப் தொடர் வகையா இணை வகையா என்பது. பெரும்பாலானவை தொடர் வகை. முழு ஒலியும் பெடல் வழியே போய்த் திரும்பும். இணை வகையில் மூல ஒலி ஆம்புக்குள் தனியாகப் போய்க்கொண்டிருக்க, பெடல் திருப்பும் ஒலி அதனுடன் கலக்கப்படுகிறது. அங்கே பெடல் எதிரொலியை மட்டுமே தர வேண்டும். மூல ஒலியையும் பெடல் டிஜிட்டலாக மாற்றித் திருப்பினால், ஓரிரு மில்லிநொடி பிந்திய அந்த நகல் ஆம்பிலுள்ள மூல ஒலியோடு மோதி, ஒலியின் சில பகுதிகளை அழித்து, குழாய்க்குள் வாசிப்பது போல வெறுமையாக்கிவிடும். டிசி எலக்ட்ரானிக் ஃப்ளாஷ்பேக்கின் உள்ளே மூல ஒலியை நிறுத்தும் சிறு ஸ்விட்ச் இருக்கிறது. டிடி-3டி இல் டைரக்ட் அவுட் வாயில் ஒரு பிளக்கைச் செருகினால் முதன்மை வாயிலிருந்து எதிரொலி மட்டும் வரும். பல மலிவான பெடல்களில் இந்த வசதி கிடையாது.

தொடர் வகையிலும் இன்னொன்றைக் கவனிக்கலாம். சில பெடல்கள் மூல ஒலியைத் தொடாமல் அனலாகாகவே கடத்திவிட்டு எதிரொலியை மட்டும் டிஜிட்டலாக உருவாக்கிச் சேர்க்கின்றன. சில எல்லாவற்றையும் மாற்றித் திருப்புகின்றன. இன்றைய பெடல்களில் இரண்டாம் வகையும் நன்றாகவே ஒலிக்கிறது. இதை ஒரு பெரிய காரணமாக வைத்துப் பெடலை ஒதுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

5. எதிரொலியின் குரல்

இங்கேதான் விளம்பரங்கள் அதிகம் பேசும். முடிவெடுக்க உண்மையில் ஒரே கேள்வி போதும். எதிரொலி உங்கள் வாசிப்பின் ஒரு பகுதியாகக் கேட்க வேண்டுமா, அதற்குப் பின்னால் நிற்க வேண்டுமா?

பகுதியாக வேண்டுமென்றால், அதாவது இரண்டாம் படியில் சொன்ன முக்கால் பீட் வாசிப்பு போன்றவற்றுக்கு, மாறாத தெளிவான டிஜிட்டல் எதிரொலி வேண்டும். பின்னால் நிற்க வேண்டுமென்றால், ஒவ்வொரு முறையும் உச்ச ஒலிகள் சற்று மங்கிக்கொண்டே போகும் அனலாக் அல்லது டேப் வகை வேண்டும். மங்கும் எதிரொலி அடுத்து வாசிக்கும் சுரத்துக்கு இடம்விடுகிறது. தெளிவான எதிரொலி அதனோடு போட்டியிடுகிறது. சோலோ வாசிக்கும்போது டிலே சுரங்களைக் குழப்புகிறது என்று சொல்பவர்களில் பலருக்கு வேறு பெடல் தேவையில்லை. டோன் அல்லது ஹை கட் திருகை இறக்கினாலே போதும். ஆகவே பதினொரு மோடு உள்ள பெடலைவிட, இரண்டு மோடும் நல்ல டோன் திருகும் உள்ள பெடல் பலருக்கு அதிகம் பயன்படும்.

மலிவான பெடல்களைப் பற்றி ஓர் இடைக்குறிப்பு. அனலாக் டிலே என்று விற்கப்படும் பல சிறிய பெடல்களின் உள்ளே இருப்பது பிடி2399 என்ற சிப். அது உள்ளுக்குள் ஒலியை டிஜிட்டலாகவே சேமிக்கிறது. அதைச் சுற்றியுள்ள வடிகட்டிகள்தான் ஒலியை மங்கலாக்குகின்றன. குறையொன்றும் இல்லை, குறுகிய எதிரொலிக்கு இனிமையாகவே இருக்கும். ஆனால் அந்தச் சிப் வசதியாக வேலை செய்யும் நேரம் ஏறத்தாழ 340 மில்லிநொடி வரைதான். அதற்கு மேல் இழுக்க இழுக்க இரைச்சலும் கரகரப்பும் கூடும். 600 மில்லிநொடி என்று போட்டிருந்தால் அந்த 600 இல் வைத்துக் கேட்ட பிறகே வாங்குங்கள்.

6. அணைக்கும்போது நடப்பது

பெடலை அணைத்தவுடன் எதிரொலியின் வால் சட்டென்று வெட்டுப்படுமா, தானாகத் தேய்ந்து மறையுமா என்பது பாட்டுக்குப் பாட்டு வேறுபடும் தேவை. சோலோவின் கடைசிச் சுரத்தில் அணைப்பவருக்கு வால் தேய்ந்து மறைய வேண்டும்.

ட்ரூ பைபாஸ் முறையில் அணைத்த பெடல் ஒலிப்பாதையிலிருந்தே விலகிவிடுவதால் வால் தொடர முடியாது. வால் வேண்டுமென்றால் பஃபர் முறைதான், அதாவது அணைத்த பின்னும் ஒலி பெடலின் சுற்று வழியே போகும் முறை. ட்ரூ பைபாஸ் என்றாலே உயர்வு என்ற எண்ணத்தில் பஃபர் உள்ள பெடல்களை ஒதுக்குவது பரவலாக இருக்கிறது. நீண்ட கேபிளும் பல பெடல்களும் உள்ள இடத்தில் நல்ல பஃபர் ஒன்று உச்ச ஒலிகளைக் காப்பாற்றவே செய்கிறது. பாஸ் டிடி-8, ஃப்ளாஷ்பேக் போன்றவற்றில் வால் தொடர வேண்டுமா வேண்டாமா என்ற தேர்வை நாமே செய்துகொள்ளலாம்.

7. ஸ்டீரியோ

இரண்டு ஆம்ப் வைத்து வாசிப்பவருக்கோ, நேரடியாக மிக்சருக்கோ ரெக்கார்டிங் இன்டர்ஃபேஸுக்கோ இரண்டு வாய்களில் செருகுபவருக்கோ மட்டும் இது தேவை. ஒரே ஆம்ப் என்றால் தாண்டிவிடுங்கள். ஸ்டீரியோ பெடலை ஒற்றை ஆம்பில் பயன்படுத்தும்போது இடமும் வலமும் மாறி மாறி வரும் பிங் பாங் அமைப்பைத் தவிருங்கள். சில பெடல்களில் பாதி எதிரொலிகள் காணாமல் போகும்.

8. மின்சாரம்

டிலே வாங்கிய மறுநாள் வரும் புகார்களில் பெரும்பகுதி மின்சாரத்தைப் பற்றியது. டிஸ்டார்ஷன் பெடல் சில மில்லி ஆம்பியரில் ஓடிவிடும். டிஜிட்டல் டிலேவுக்குள் ஒரு சிறு கணினியே இருப்பதால் அதன் பசி வேறு. டிசி ஃப்ளாஷ்பேக்குக்கு ஏறத்தாழ 100 மில்லி ஆம்பியர், பாஸ் டிடி-200 க்கு 200 க்கு மேல், ஸ்ட்ரைமன் டைம்லைனுக்கு 300, லைன் 6 டிஎல்4 மார்க் 2 க்கு 500. ஒரு வாய்க்கு 100 மில்லி ஆம்பியர் மட்டும் தரும் பவர் சப்ளையில் பெரிய டிலேவைச் செருகினால் அது எழும்பாது, அல்லது எழும்பி நடுவில் அணைந்து மீண்டும் எழும்பும், அல்லது எல்லாம் சரியாக இருப்பதுபோல் காட்டிவிட்டு இரைச்சலை மட்டும் தரும். மூன்றாவதுதான் மோசம், ஏனெனில் குறை பெடலில் இருப்பதாகத் தோன்றும்.

விதி எளிது. வோல்ட் சரியாகப் பொருந்த வேண்டும், முனையின் துருவம் பொருந்த வேண்டும், ஆம்பியர் தேவைக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்க வேண்டும். ஆம்பியர் அதிகமிருந்தால் கெடுதல் இல்லை, பெடல் தேவையானதை மட்டும் எடுத்துக்கொள்ளும். வோல்ட் அதிகமானால் பெடல் கருகலாம். கிட்டார் பெடல்களில் வழக்கமானது 9 வோல்ட் நேர்மின்சாரம் (DC), முனையின் நடுவில் மைனஸ்.

ஒரே அடாப்டரிலிருந்து பல முனைகளாகப் பிரியும் வயரில் டிஸ்டார்ஷனையும் டிஜிட்டல் டிலேவையும் சேர்த்துச் செருகினால், கிட்டாரின் வால்யூமைக் குறைத்தாலும் போகாத மெல்லிய கீச்சொலி ஒன்று கேட்கக்கூடும். டிலேவின் உள்ளே ஓடும் கடிகாரத் துடிப்பு பொதுவான மின்வயர் வழியே மற்ற பெடல்களுக்குள் நுழைந்து, டிஸ்டார்ஷனில் பெரிதாகி வெளிவருவதே காரணம். டிலேவை மட்டும் தனி அடாப்டரில் போட்டுப் பாருங்கள். கீச்சொலி நின்றால் பெடல் நல்ல பெடல்தான். ஒவ்வொரு வாயும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட ஐசோலேட்டட் பவர் சப்ளைதான் நிரந்தரத் தீர்வு. அதற்கான பணத்தைப் பெடலின் வரவுசெலவிலேயே ஒதுக்குங்கள். விலையுயர்ந்த டிலேவை மலிவான வயரில் ஓட்டுவதைவிட, நடுத்தர டிலேவை நல்ல மின்சாரத்தில் ஓட்டுவது எப்போதும் நன்றாக ஒலிக்கும்.

வெளிநாட்டிலிருந்து வரும் பெடலோடு அடாப்டரும் வந்தால் அதன் மேலுள்ள எழுத்தைப் படியுங்கள். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். அந்த நாட்டுக்கு மட்டும் செய்த அடாப்டரை இந்தியாவிலோ இலங்கையிலோ 230 வோல்ட்டில் செருகினால் அடாப்டர் புகையும், பெடலும் சேர்ந்து போகலாம். பழைய பச்சை நிற லைன் 6 டிஎல்4 வாங்குபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: அதனுடன் வந்தது 9 வோல்ட் மாறுமின்சாரம் (AC) தரும் அடாப்டர். பிளக் பொருந்துகிறதே என்று அதை வேறு பெடலில் செருகிவிடாதீர்கள்.

9. இப்போது மாடல்கள்

இதுவரை கிடைத்த விடைகளை ஒரு தாளில் எழுதி, கீழே உள்ளவற்றோடு ஒப்பிடுங்கள். பட்டியல் முழுமையானதல்ல, ஒவ்வொரு வகைக்கும் ஒரு மாதிரியாகவே இவற்றைச் சொல்கிறேன்.

ஒரே குரல், 800 மில்லிநொடி, ஒற்றை ஆம்ப், எளிமை என்று விடை வந்தவருக்கு டிடி-3டி போன்ற பெடல். மெனு இல்லை, மறைந்திருக்கும் பொத்தான் இல்லை. குனிந்து பார்த்தால் என்ன அமைப்பில் இருக்கிறது என்று தெரியும். முதல் டிலேவுக்கு இந்த வகையைத்தான் நான் முன்வைப்பேன், ஏனெனில் நேரம், ஃபீட்பேக், அளவு ஆகிய மூன்றையும் காதால் கற்றுக்கொள்ள இதுவே ஏற்றது.

பல குரல்களை முயன்று பார்க்க வேண்டும், ஆனால் போர்டில் இடம் குறைவு என்பவருக்கு டிடி-8 அல்லது ஃப்ளாஷ்பேக். டிடி-8 இல் 11 மோடும் 10 நொடி வரை நேரமும் 40 நொடி லூப்பரும் ஸ்டீரியோவும் உண்டு. ஆனால் மிதிப்பொத்தான் ஒன்றே என்பதை மூன்றாம் படியின் விடையோடு சேர்த்துப் பாருங்கள்.

மேடையில் அடிக்கடி ஒலி மாற்றுபவருக்கு டிடி-200. தட்டுவதற்கும் அணைப்பதற்கும் தனித்தனிப் பொத்தான்கள், 12 மோடு, முகப்பிலிருந்தே நான்கு நினைவுகள், மிடி வழியே 127 வரை. மிடி வாய் சிறிய 3.5 மில்லிமீட்டர் வகை என்பதால் அதற்கேற்ற கேபிள் வேண்டும்.

டைம்லைன், டிஎல்4 மார்க் 2 ஆகியவை டிலேவையே தங்கள் வாசிப்பின் மையமாக வைத்திருப்பவர்களுக்கு. டைம்லைனில் 12 வகை டிலேவும் 200 ப்ரீசெட்டும் உள்ளன; டிஎல்4 மார்க் 2 இல் 30 வகை டிலே இருக்கின்றன. உங்கள் தாளில் ப்ரீசெட், மிடி, ஸ்டீரியோ ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இல்லையென்றால் இவற்றுக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி உறங்கும்.

எந்த மாடலாக இருந்தாலும் வாங்கும் முன் அதன் கையேட்டைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கிப் படியுங்கள். விளம்பரத்தில் இல்லாத கட்டுப்பாடுகள் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் இருக்கும்.

10. கடையில் சோதிக்கும் வரிசை

உங்கள் கிட்டார், உங்கள் கேபிள், இயன்றால் உங்கள் அடாப்டர் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். ஆம்பைத் தெளிவான ஒலியில் வைத்து, முதலில் பெடல் இல்லாமல் வாசியுங்கள்; பிறகு அணைத்த நிலையில் பெடல் வழியே வாசியுங்கள். இரண்டுக்கும் இடையில் உச்ச ஒலியோ அளவோ குறைந்தால் மற்றவற்றைச் சோதிக்கும் முன்பே யோசிக்க வேண்டும், ஏனெனில் பெடல் பெரும்பாலான நேரம் அணைந்தே இருக்கப்போகிறது.

நேரத்தை 500 மில்லிநொடி அளவில் வைத்து, ஃபீட்பேக்கைப் பாதிக்கு மேல் உயர்த்தி, உள்ளங்கையால் தந்தியை அமுக்கி ஒரே ஒரு சுரத்தை மீட்டிவிட்டு நிறுத்துங்கள். முதல் எதிரொலியைக் கவனிக்க வேண்டாம். எல்லாப் பெடலிலும் அது நன்றாகவே இருக்கும். ஐந்தாவது ஆறாவது எதிரொலியைக் கேளுங்கள். சுரம் அடையாளம் தெரிகிறதா, வெறும் தடதடப்பாகிவிட்டதா, எதிரொலிகளுக்கு இடையில் சீறல் கேட்கிறதா என்பதில்தான் பெடல்கள் வேறுபடுகின்றன.

அடுத்து, எதிரொலி ஓடிக்கொண்டிருக்கும்போது நேரத் திருகைச் சுற்றுங்கள். டேப் வகைக் குரல்களில் சுருதி வளைந்து ஏறி இறங்கும். சில டிஜிட்டல் மோடுகளில் டிக் டிக்கென்று வெட்டும். வாசிக்கும்போதே திருகைத் தொடுபவராக இருந்தால் வெட்டும் பெடல் உங்களுக்கு ஆகாது. ஃபீட்பேக்கை முழுதும் உயர்த்திப் பார்ப்பதாக இருந்தால் ஒரு கை அளவுத் திருகில் இருக்கட்டும். சில பெடல்கள் நொடிக்குள் ஊளையிடத் தொடங்கும்.

பிறகு காலால். உட்கார்ந்தபடி கையால் பொத்தானை அழுத்திச் சோதிப்பது போதாது. எழுந்து நின்று, உங்கள் பட்டியலில் உள்ள ஒரு பாட்டின் வேகத்தைத் தட்டி, முக்கால் அமைப்புக்கு மாற்றி, அணைத்து, மீண்டும் போடுங்கள். மின்சாரத்தை ஒருமுறை துண்டித்துத் திரும்பக் கொடுத்து, அமைப்புகள் நினைவில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

பழைய பெடல் என்றால், அடாப்டர் செருகியிருக்கும்போது பிளக்கை மெல்ல அசையுங்கள். விளக்கு மினுங்கினால் வாய் தளர்ந்திருக்கிறது. ஒரு முறை மிதித்தால் இரண்டு முறை மிதித்ததுபோல் நடந்துகொள்ளும் பொத்தான் தேய்ந்துவிட்டது. வாங்கி வந்ததும் கையேட்டிலுள்ள முறைப்படி தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்புங்கள். முந்தையவர் மாற்றி வைத்த ஏதோ ஓர் அமைப்பால் பெடல் பழுதென்று எண்ணித் திருப்பிக் கொடுக்கப் போனவர்கள் உண்டு.

11. முதல் அமைப்பு

ஃபீட்பேக்கை மூன்று எதிரொலி கேட்கும் அளவில் வையுங்கள். எதிரொலியின் அளவைப் பூஜ்யத்திலிருந்து உயர்த்திக்கொண்டே வந்து, பெடலை அணைத்தால் ஏதோ குறைகிறது, போட்டால் தனியாகத் தெரியவில்லை என்ற இடத்தில் நிறுத்துங்கள். பாஸ் பெடல்களின் ஈ லெவல் திருகு எதிரொலியை மட்டும் கூட்டும். மிக்ஸ் என்று பெயரிட்ட திருகு பாதிக்கு மேல் போனால் பல பெடல்களில் மூல ஒலியைக் குறைக்கத் தொடங்கும். இரண்டையும் ஒன்றாக எண்ணி மிக்ஸ் திருகை உச்சத்துக்குக் கொண்டுபோனவர்களுக்குக் கிட்டார் மறைந்து எதிரொலி மட்டும் மிஞ்சும்.

வீட்டில் அமைத்த அளவு குழுவோடு வாசிக்கும்போது கேட்காது; டிரம்ஸும் கீபோர்டும் அதை மூடிவிடும். சற்று உயர்த்துங்கள். மாறாக, கல்யாண மண்டபம், தேவாலயம் போன்று தானாகவே முழங்கும் கூடங்களில் அளவையும் ஃபீட்பேக்கையும் இறக்க வேண்டும். ஆகவே வீடு, பயிற்சி அறை, பெரிய கூடம் என்று மூன்று அமைப்புகளையும் ஒவ்வொன்றாகக் காதால் கண்டுபிடித்து, திருகுகள் தெரியும்படி கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ப்ரீசெட் உள்ள பெடல் என்றால் மூன்றையும் முதல் மூன்று இடங்களில் சேமித்துவிடலாம்.